ஜப்பானிய அழகியர் அச்சுப் படங்கள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) ஜப்பானில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட அழகியர் படங்களை பிஜின்-கா என்பார்கள். இவற்றைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் நேராக முகத்துக்குத்தான் போகிறார்கள். சின்னக் கண், நீள மூக்கு, குட்டி வாய். எல்லாம் ஒரே முகம் என்று முடிவுகட்டி அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். ஓவியர் உதாமாரோ 1793 வாக்கில் வரைந்த மூன்று அழகியர் படத்தைப் பாருங்கள். இசைக்கலைஞர் தோயோஹினா நடுவில் மேலே; தேநீர்க்கடையால் பேர்பெற்ற ஒகிதாவும், ஒஹிசாவும் கீழே இரு பக்கமும். மூன்று தலைகளும் ஒரு முக்கோணமாகப் பூட்டிக்கொள்கின்றன. மூக்கின் வளைவையும் கண்ணின் சாய்வையும் ஒப்பிட்டால் மூவரும் தனித்தனி ஆட்கள் என்பது புரியும். உடையில் இருக்கும் சின்னங்களும் யார் எவர் என்று சொல்லிவிடும்.

அடுத்த தவறு, நிழலையும் தசையையும் தேடுவது. இங்கே உடம்பைக் காட்டுவது கோடுதான். முகத்தின் வெண்மைகூடப் பெரும்பாலும் வெறும் காகிதம்; மெல்லிய ஒரு கோடு அதைக் கன்னமாக்குகிறது. பின்னால் சரிந்த கழுத்துப்பட்டி, அதனால் தெரியும் பிடரி, இடுப்பில் இறுகும் ஓபி என்ற அகலப் பட்டை, தரையில் விரியும் விளிம்பு: கண்ணை இந்த வழியில் இறக்கிப் பாருங்கள். கியோனாகா என்ற ஓவியரின் நெடிய பெண்கள் ஏன் அவ்வளவு நிமிர்வாகத் தெரிகிறார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும். எனக்கு இந்தக் கலையில் மிகப் பிடித்தது இதுவே.

வெற்றுப் பின்னணியை முடிக்காத வேலை என்று எண்ணுவதும் தவறு. உதாமாரோவின் மார்பளவுப் படங்கள் பலவற்றில் அங்கே மைக்கா (அபிரகம்) பொடி பூசியிருக்கும். போனில் சாம்பல் நிறமாகத் தெரிவது, நேரில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் மின்னும்.

அப்புறம், ஓரத்தில் படகோ கையோ பாதியில் நின்றால், அது மூன்று தாள் சேர்ந்த படத்தின் ஒரு தாளாக இருக்கலாம். மற்ற இரண்டையும் தேடிப் பாருங்கள். ஆனால் வீட்டுத் தூணில் தொங்கவிடுவதற்கான, சுமார் 70 செ.மீ. உயரமும் 12 செ.மீ. அகலமும் உள்ள படங்களில் உருவம் பாதி வெட்டுப்படுவது வேண்டுமென்றே செய்தது.

நிறத்தை நம்பியும் ஏமாறாதீர்கள். அன்று பயன்படுத்திய, பூவின் சாற்றிலிருந்து எடுத்த நீலம் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். இன்று பழுப்பேறிக் கிடக்கும் இடம் அன்று நீலமாகவோ ஊதாவாகவோ இருந்திருக்கலாம். அதனால் படத்தின் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன், அதே படத்தின் நிறம் மங்காத வேறொரு பிரதி கிடைக்கிறதா என்று பாருங்கள்.