மருமகன் வீட்டு வேர்: ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் வம்சத்தைத் தேடுவது எப்படி?

பேரனுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். எங்கள் பக்கம் சட்டென்று நிரம்பிவிட்டது. திதி கொடுக்கும்போது சொல்கிற பெயர்களே மூன்று தலைமுறைக்கு இருக்கின்றனவே! மருமகன் பக்கம்தான் தாத்தா பாட்டியோடு நின்றது. அவர் யார்க்ஷயர்க்காரர். அவருடைய அம்மா, அதாவது எங்கள் சம்பந்தியம்மா, பிறந்த வீட்டுப் பெயர் அக்ராய்டு. "அப்படின்னா என்ன அர்த்தம் பாட்டி?" என்று பேரன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை, சம்பந்தியம்மாவுக்கும் தெரியவில்லை. அப்போது தொடங்கிய தேடலில் இரண்டு குளிர்காலம் போனது. இங்கிலாந்தில் சம்பந்தம் செய்த தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. அவர்களுக்கு உதவுமே என்று நான் செய்த முறையை வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயரை இணையத்தில் தட்டி அர்த்தம் பார்த்துவிட்டு, அங்கிருந்து கீழே இறங்கி வர முயலாதீர்கள். இன்று உயிரோடு இருப்பவரிடம் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு சான்றைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். ஒரே பெயர் இரண்டு ஊரில் இரண்டு காரணத்தால் முளைத்திருக்கும். உங்கள் குடும்பம் எந்த ஊரில் போய் நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் அர்த்தத்தை நம்பலாம். "உங்கள் குடும்பச் சின்னம்" என்று கேடயப் படம் போட்டு விற்கிற கடைகளுக்கும் காசு கொடுக்க வேண்டாம். இங்கிலாந்தில் அந்தச் சின்னம் தனி ஒருவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. அந்தப் பெயர் வைத்த எல்லோருக்கும் பொதுவானது கிடையாது.

படி 1: வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள்

வயதில் மூத்தவர் யாரோ அவரிடம் முதலில் போங்கள். சம்பந்தியம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே கல்யாணச் சான்றிதழ், இறுதிச் சடங்கு அட்டைகள், பின்புறம் பென்சிலில் பெயர் எழுதிய படங்கள். எல்லாவற்றையும் இருபுறமும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பிறந்த தேதியைவிட ஊர்ப் பெயரும் தொழிலும்தான் பின்னால் கைகொடுக்கும். ஆகவே "எந்த மில்லில் வேலை பார்த்தார்?", "எந்தச் சர்ச்சுக்குப் போவார்கள்?" என்று கேளுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய பெயரைப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் கேட்டு எழுதுங்கள்.

படி 2: பிறப்பு, திருமணம், இறப்பு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் அரசாங்கமே இவற்றைப் பதிவு செய்கிறது. ஃப்ரீபிஎம்டி என்ற தளத்தில் அட்டவணையை இலவசமாகத் தேடலாம். பொதுப் பதிவு அலுவலகத்தின் தளத்திலும் அட்டவணை இருக்கிறது. அதில் பிறப்பும் இறப்பும் மட்டுமே உண்டு, திருமணத்துக்கு ஃப்ரீபிஎம்டிதான். ஆனால் அரசுத் தளத்தில் ஒரு பெரிய வசதி: குழந்தையின் தாயார் பிறந்த வீட்டுப் பெயர் 1837 முதலே வரும். ஃப்ரீபிஎம்டியில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான். ஒரே பெயரில் ஐந்து குழந்தைகள் நிற்கும்போது, யார் நம் ஆள் என்று அம்மா பெயர்தான் காட்டிக்கொடுக்கும்.

அட்டவணையில் ஆண்டு, காலாண்டு, பதிவு மாவட்டம், தொகுதி எண், பக்க எண் இருக்கும். எங்கள் தேடல் போய் நின்ற யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸ் மாவட்டத்துக்கு 1852 முதல் தொகுதி 9ஏ. இந்த எண்களைக் கொடுத்துத்தான் சான்றிதழ் வாங்க வேண்டும். பழைய பிறப்பு, இறப்புக்குப் பதிவின் படம் மட்டும் போதும் என்றால் விலை குறைவு.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். சம்பந்தியம்மாவின் கொள்ளுத்தாத்தா பெயரில் ஒரு பிறப்பைப் பார்த்ததும், ஊரும் ஆண்டும் பொருந்துகிறதே என்று பணம் கட்டி வாங்கிவிட்டேன். வந்த பிறகு அப்பா பெயரைப் பார்த்தால் வேறு. முதலில் வாங்க வேண்டியது திருமணச் சான்றிதழ். அதில் மணமகன், மணமகள் இருவருடைய அப்பா பெயரும் தொழிலும் இருக்கும். (அம்மாக்களின் பெயர் சேர்ந்தது 2021 மே மாதத்திலிருந்துதான்.) அப்பா பெயரைத் தெரிந்துகொண்டு பிறப்பைத் தேடினால் பணம் வீணாகாது.

1875க்கு முன் பதிவு செய்யாவிட்டால் தண்டனை இல்லை. அதனால் சில பிறப்புகள் பதிவாகாமலே போயிருக்கின்றன. அட்டவணையில் இல்லை என்பதால் குழந்தை பிறக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அப்பா பெயர் கட்டம் காலியாக இருப்பதையும் பார்ப்பீர்கள். கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தை அம்மாவின் பெயரையே சுமந்திருக்கும். குடும்பத்தில் யாராவது அதைக் கேட்டு வருத்தப்படலாம். பெரியவர்களிடம் தனியாக, பக்குவமாகச் சொல்லுங்கள்.

படி 3: மக்கள்தொகைக் கணக்கு

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கு, 1841 முதல் 1921 வரை வீடு வீடாகப் பார்க்கக் கிடைக்கிறது. அன்றிரவு அந்த வீட்டில் யார் தூங்கினார்களோ அத்தனை பேரும் அதில் இருப்பார்கள். நூறு ஆண்டு கழித்துத்தான் திறப்பார்கள் என்பதால் 1921தான் கடைசி. 1931 கணக்கு தீயில் எரிந்துவிட்டது. 1941இல் போர், கணக்கே எடுக்கவில்லை. அந்த இடைவெளிக்கு 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு இருக்கிறது. 1881 கணக்கு ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். மற்ற ஆண்டுகளின் பக்கப் படங்களுக்கு ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி போன்ற கட்டணத் தளங்கள். சந்தா கட்டத் தயங்கினால் உள்ளூர் நூலகத்தில் கேளுங்கள், பல நூலகக் கணினிகளில் இவற்றை இலவசமாகவே பார்க்கலாம்.

1851 முதல் வயது, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் எல்லாம் தெளிவாக இருக்கும். 1841 அப்படியில்லை. பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 44 வயதுக்காரர் 40 என்று நிற்பார். உறவும் கிடையாது. ஒரே வீட்டில் இருப்பவரை மகன் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். தம்பி மகனாகவும் இருக்கலாம்.

பெயரின் எழுத்துக்கூட்டலை நம்பவே கூடாது. கணக்கெடுப்பவர் காதில் விழுந்ததை எழுதினார். அக்ராய்டு என்பதே எங்கள் தேடலில் நாலு விதமாக வந்தது: கே மட்டும் போட்டு, சி மட்டும் போட்டு, இரண்டும் சேர்த்து, நடுவில் ஒய் சேர்த்து. தேடும்போது பெயரின் பாதியை மட்டும் கொடுத்து, மிச்சத்துக்கு நட்சத்திரக் குறி போடுங்கள்.

படி 4: 1837க்கு முன்னால், சர்ச் பதிவேடுகள்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், 1538இல் ஒவ்வொரு பங்குச் சர்ச்சும் (அந்தந்த வட்டாரத்துக்கான ஊர்ச் சர்ச்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று ஆணையிட்டார். பல ஊர்களில் ஆரம்ப ஏடுகள் அழிந்துவிட்டன. ஹாலிஃபாக்ஸில் 1538 முதலே இருக்கின்றன, அது எங்கள் அதிர்ஷ்டம். 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு நகல் பிஷப்புக்குப் போக வேண்டும் என்ற விதி வந்தது. மூல ஏடு கிழிந்திருந்தால் அந்த நகலைத் தேடுங்கள். மேற்கு யார்க்ஷயர் ஏடுகளின் படங்கள் ஆன்செஸ்ட்ரியில் இருக்கின்றன. வேறு கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) என்றால் அந்தக் கவுண்டியின் ஆவணக் காப்பகத் தளத்தில், எந்த ஏடு எங்கே என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஏடுகள் எப்போது எவ்வளவு சொல்லும் என்று தெரிந்தால் ஏமாற்றம் குறையும். 1813 முதல் அச்சடித்த படிவம். ஞானஸ்நானப் பதிவில் அம்மா, அப்பா, வசிக்கும் இடம், அப்பாவின் தொழில் எல்லாம் உண்டு. அதற்கு முன்னால் பெரும்பாலும் "ஜானின் மகன் வில்லியம்", அவ்வளவுதான். திருமணத்துக்கு 1754 முதல் தனிப் படிவம், மணமக்கள் கையெழுத்தோடு. உள்நாட்டுப் போரும் அதற்குப் பின் வந்த குடியரசுமாக 1640களிலும் 1650களிலும் பல ஏடுகளில் ஓட்டை விழுந்திருக்கும்.

அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்துத் திருமணம் ஒன்று 1790களில். மாப்பிள்ளை நெசவாளி. தன் பெயரைத் தட்டுத்தடுமாறி எழுதியிருக்கிறார், கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே வழுக்கிவிட்டது. பெண்ணுக்கு எழுதத் தெரியாது. ஒரு பெருக்கல் குறி. அதன் இரு பக்கமும் "இவளுடைய அடையாளம்" என்று பாதிரியார் எழுதியிருக்கிறார். இரண்டாவது கோட்டைப் போடும்போது பேனாவை அழுத்திப் பிடித்திருக்கிறாள், மை புள்ளியாகத் தேங்கி ஊறியிருக்கிறது. திரையில் பெரிதாக்கி அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பேரனுடைய உடம்பில் அந்தப் பெண்ணின் ரத்தமும் ஓடுகிறது. அட்டவணையில் பெயர் கிடைத்ததும் நின்றுவிடாமல் மூலப் பக்கத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

தேதியில் ஒரு பொறி உண்டு. 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. ஆகவே 1715 ஏப்ரலில் கல்யாணம், 1715 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றிருந்தால் பதற வேண்டாம். அந்தப் பிப்ரவரி, நம் கணக்கில் 1716. பத்து மாதம் கழித்து வந்த பிள்ளை. குறிப்பேட்டில் 1715/16 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆளைக் காணவில்லை என்றால் பெரும்பாலும் அவர்கள் வேறு சபைக்குப் போயிருப்பார்கள். ஹாலிஃபாக்ஸ் பக்கத்துக் கால்டர் பள்ளத்தாக்கில் மெதடிஸ்டுகளும் பாப்டிஸ்டுகளும் அதிகம். ஹெப்டன்ஸ்டாலில் 1764இல் தொடங்கிய எண்கோண மெதடிஸ்ட் ஆலயம் இன்றும் இருக்கிறது. இத்தகைய சபைகள் ஒப்படைத்த பழைய ஏடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 4 என்ற வரிசையில் இருக்கின்றன.

படி 5: ஒரே பெயரில் பல பேர்

கால்டர் பள்ளத்தாக்கில் கிரீன்வுட், சட்கிளிஃப் என்ற பெயர்கள் தடுக்கி விழுந்தால் கிடைக்கும். அதிலும் ஜான், வில்லியம், தாமஸ் மூன்றுதான் சுற்றிச் சுற்றி. அப்போது ஒரு தாளை எடுத்து, அந்த ஊரில் அந்தப் பெயரில் உள்ள எல்லோரையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் பண்ணைப் பெயர், தொழில், மனைவி பெயர், அடக்கமான தேதி என்று நிரப்புங்கள். குழந்தையிலேயே இறந்தவர்களை முதலில் நீக்குங்கள். இதைச் செய்யாமல், பிறர் இணையத்தில் ஏற்றிய குடும்ப மரத்தை அப்படியே நகலெடுப்பவர்கள், இரண்டு வயதில் புதைக்கப்பட்ட குழந்தைக்குப் பேரப்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறார்கள்.

இந்தக் கட்டத்தில் முடிச்சை அவிழ்ப்பது உயில். 1858 ஜனவரி 12க்கு முன் சர்ச் நீதிமன்றங்கள்தான் உயிலை நிரூபித்தன. வடக்கில் யார்க். அந்த ஏடுகள் யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் காப்பகத்தில் இருக்கின்றன. தெற்கில் பெரிய சொத்துக்காரர்களுடையது கேன்டர்பரி நீதிமன்றத்துக்குப் போனது, அது தேசிய ஆவணக் காப்பகத்தில். "என் மகள், இன்னாரின் மனைவி" என்ற ஒரு வரி மூன்று மாத வேலையை மிச்சப்படுத்தும்.

படி 6: இப்போது பெயருக்கு வரலாம்

ஆங்கிலேயர் பெயர்களை நான்காகப் பிரிப்பார்கள்: ஊர் அல்லது இடம், தொழில், அப்பா பெயர், பட்டப்பெயர். அப்பா பெயர் வகை நமக்கு உடனே புரியும். ஜானின் மகன் ஜான்சன், அவ்வளவுதான். நம் இனிஷியலைப் போல அதுவும் முதலில் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. பிறகு ஒரு தலைமுறையில் உறைந்துவிட்டது. ராபர்ட் என்ற பெயருக்கு ராப், ஹாப், டாப் என்று செல்லப்பெயர்கள் இருந்ததால் ராப்சன், ஹாப்சன், டாப்சன் மூன்றும் ஒரே ஊற்று. பட்டப்பெயருக்கு ரஸ்ஸல் ஓர் உதாரணம், செம்பட்டைத் தலைக்காரர்.

தொழில் பெயர் ஊரையும் காட்டிவிடும். நெய்த கம்பளியைத் தண்ணீரில் போட்டு மிதித்து இறுக்குபவரை வடக்கில் வாக்கர் என்றார்கள், தென்மேற்கில் டக்கர், தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். வேலை ஒன்று, பெயர் மூன்று.

அக்ராய்டு இடப்பெயர். அக் என்பது பழைய ஆங்கிலத்தில் ஓக் மரம். ராய்டு என்பது காட்டை வெட்டித் திருத்திய நிலத்துக்கு மேற்கு யார்க்ஷயரில் வழங்கிய சொல். ஓக் மரத்தடியில் திருத்திய நிலத்துக்காரர் என்று பொருள். நம் ஊரில் காடுவெட்டி என்று பெயர் இருக்கிறதே, அதே கதைதான். ஹால்ராய்டு, பூத்ராய்டு, மர்கட்ராய்டு எல்லாம் இந்த வட்டாரத்துச் சொந்தங்கள். மர்கட்ராய்டு, மார்கரெட்டின் நிலம். இங்கே ராய்டு என்று முடியும் பெயரைப் பார்த்தால், எங்கே பிறந்தவராக இருந்தாலும், முதலில் ஹாலிஃபாக்ஸ் பக்கம் தேடிப் பாருங்கள்.

இடைக்காலத்தைத் தொட விரும்பினால் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, 1379 தலைவரிப் பட்டியல். யார்க்ஷயரின் மேற்கு ரைடிங் பகுதிக்கு அது தப்பிப் பிழைத்து அச்சிலும் வந்திருக்கிறது. சாதாரணக் குடும்பத்தில் கணவன் மனைவிக்குச் சேர்த்து 4 பென்ஸ். பெயர்கள் உறைந்துகொண்டிருந்த காலத்து ஊரை அதில் பார்க்கலாம். இன்னொன்று, வேக்ஃபீல்டு மேனர் (நிலப்பிரபுவின் ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பகுதி) நீதிமன்றச் சுருள்கள், 1274 முதல். மூலம் லத்தீனில், பல ஆண்டுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. அந்தப் பெயர்க்காரரிலிருந்து உங்கள் வீடுவரை அறுபடாத சங்கிலி கிடைப்பது அரிது. எங்களுக்கும் 1600களின் கடைசியோடு சங்கிலி நின்றுவிட்டது. அதற்கு மேலே மரத்தில் கோடு போடாமல், பெயரின் ஊர் இது என்று பக்கத்தில் எழுதி வைத்தேன்.

படி 7: வரைபடம்

ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் இலவசம், இங்கிலாந்துப் பகுதிகளும் அதில் உண்டு. ஏடுகளில் குறித்த பண்ணைப் பெயர்களை அதில் தேடுங்கள். நானும் பேரனும் ஹெப்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து தொடங்கினோம். மிதம்ராய்டு என்று ஒரு ஊரே இருக்கிறது, ரயில் நிலையத்தோடு. சரிவுகளில் ராய்டு, ராய்டு என்று சின்னச் சின்ன எழுத்தில் பண்ணைகள். பேரன் சிவப்புப் பென்சிலால் அச்செடுத்த தாளில் ஒவ்வொன்றாக வட்டம் போட்டான். பதினேழு எண்ணியதும் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, "கிரான், நம்ம ஆளுங்க மொத்த மலையையும் வெட்டியிருக்காங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.