உண்ணிச்செடியை வேரோடு எடுப்பது எப்படி

கொடுவாளை முதலில் ஓரமாக வையுங்கள். உண்ணிச்செடியைத் தரைக்கு மேலே வெட்டினால், ஒரு தண்டு நின்ற இடத்தில் அடுத்த மழைக்குப் பத்துத் தண்டு நிற்கும். தீ வைத்தாலும் அதே கதைதான். மேலே கருகும், அடித்தூர் உயிரோடு இருக்கும், பக்கத்தில் இருந்த புல்தான் வீணாகப் போகும்.

பர்கூர் மலையடிவாரத்தில் மாடும் செம்மறியும் வைத்திருப்பவன் நான். எங்கள் பக்கம் உண்ணி இல்லாத ஓடைக்கரையே கிடையாது. தென் அமெரிக்கப் பக்கத்துச் செடி. வெள்ளைக்காரன் காலத்தில் அழகுக்கென்று கொண்டுவந்தது. பூ அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இலை மாட்டுக்கும் ஆட்டுக்கும் நஞ்சு.

இந்தச் செடி துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்து. அந்தக் கழுத்துக்குக் கீழே வேரை வெட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு, கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய முறை இதுதான்.

மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, காய் கறுப்பதற்கு முன் வேலையைத் தொடங்குங்கள். புதருக்குள் கை விடுமுன் நீளக் கம்பால் நான்கு பக்கமும் தட்டுங்கள். பாம்பு இருக்கும், காட்டோரம் என்றால் பன்றியும் படுத்திருக்கும். கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம், தண்டில் முள் உண்டு. ஒருவர் கவைக்கம்பால் கிளைகளை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் அடித்தூரைச் சுற்றி மண்ணை ஒதுக்கி, தரைமட்டத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை ஆழத்தில் ஆணிவேரைக் குந்தாலியால் வெட்ட வேண்டும். தனி ஆளாகச் செய்தால் பாதிப் புதரிலேயே சலித்துவிடும்.

வெட்டிய புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து, வேர்ப்பக்கம் வானத்தைப் பார்க்க விடுங்கள். பலரும் அலட்சியம் செய்வது இதைத்தான். ஈர மண்ணில் கிடக்கும் தண்டு கணுவில் வேர்விட்டு மறுபடி எழுந்துவிடும். கவிழ்த்த குவியல் மாடு எட்டாத இடத்தில் இருக்கட்டும், ஏனென்றால் வாடினாலும் காய்ந்தாலும் இலையில் நஞ்சு போகாது. தடித்த தண்டுகளை வேலிக்கு எடுத்துக்கொள்ளலாம். மாதேஸ்வரன் மலையில் சோளகர் பழங்குடி மக்கள் இதே தண்டை வேகவைத்துப் பட்டை உரித்து நாற்காலி செய்கிறார்கள்.

அப்புறம் குருவிகள். பழத்தைத் தின்று மரத்தில் உட்கார்ந்து எச்சமிடுவதால், அடுத்த கன்றுகள் வேலமரத்தடியிலும் வேலியோரத்திலும்தான் வரும். நிலம் முழுக்கத் தேடி அலைய வேண்டாம். மழைக்கு மழை மரத்தடிகளைப் பார்த்து, கன்றுகளைக் கையால் பிடுங்குங்கள். குறைந்தது மூன்று மழைக்காலமாவது இதைச் செய்ய வேண்டும். எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் பார்த்தீனியம் வந்து உட்காரும். உடனே கொழுக்கட்டைப்புல் விதை தூவி, புல் பிடிக்கும்வரை மாட்டை விடாதீர்கள். ஒன்று, இதெல்லாம் உங்கள் பட்டா நிலத்தில் மட்டும். காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும்.

பழகிய மாடு பொதுவாக உண்ணியைத் தொடாது. பஞ்சத்தில் பசித்த மாடும், சந்தையில் புதிதாக வாங்கி வந்த மாடும்தான் தின்னும். புது மாட்டை வயிறு நிறையத் தீனி போட்ட பிறகே மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள். இலையில் உள்ள லாண்டடீன் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுத்துப் பித்தநீரை அடைத்துவிடும். தீனி எடுக்காது, அசை போடாது, சாணி இறுகும், கண் மஞ்சளாகும். தின்ற தழையின் பச்சையம் சிதைந்து உண்டாகி, பித்தத்தோடு வெளியேற வேண்டிய பொருள் உடம்பிலேயே தங்குவதால் வெயில் பட்ட தோல் வெந்து வெடிக்கும். சிவப்பில் வெள்ளைத் திட்டு உள்ள செம்மறை மாட்டில் இது தெளிவாகத் தெரியும்: சிவப்புத் தோல் பரவாயில்லாமல் இருக்க, வெள்ளைத் திட்டுகளும் மூக்குமே உரியும். செம்மறி ஆட்டுக்கும் இதே கதிதான். வெள்ளாடு ஓரளவு தாங்கும், ஆனால் அதையும் நம்பி விடக் கூடாது.

சந்தேகம் வந்தவுடனே மாட்டை இருட்டுக் கொட்டகையில் கட்டி, 1962-க்கு அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். வயிறு அசையாமல் நின்றுவிடுவதால், தின்ற தழை நாள்கணக்கில் உள்ளேயே கிடந்து நஞ்சை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் நஞ்சை உறிஞ்சும் கரித்தூளை மருத்துவர் குழாய் வழியாக வயிற்றுக்குள் கொடுப்பார். அடுப்புக் கரியைப் பொடித்து ஊற்றினால் போதும் என்று ஊரில் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது வேறு கரி. அதோடு, சோர்ந்த மாட்டின் வாயில் வலிந்து எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடலாம். தண்ணீர் மட்டும் எட்டும் தூரத்தில் வையுங்கள். தேறி வந்த மாட்டையும் தோல் ஆறும்வரை வெயிலில் விடாமல், காலை வெயில் ஏறுமுன்னும் பொழுது சாய்ந்த பிறகும் மேயவிடுங்கள்.