தோல் தடிப்பும் எச்.ஐ.வி. அச்சமும்: என் அனுபவம்

இடுப்பு மடிப்பிலும் தொடையிடுக்கிலும் விளிம்பு தடித்த சிவந்த வட்டங்கள் தோன்றி அரிக்கத் தொடங்கியபோது, சில மாதங்களுக்கு முன் ஆணுறையின்றிக் கொண்ட உறவின் நினைவு என்னை உறங்கவிடவில்லை. கைப்பேசியில் படங்களை ஒப்பிட ஒப்பிட அச்சமே வளர்ந்தது.

அதைத் தீர்த்தது அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையம். அங்கே பரிசோதனை இலவசம்; விவரம் இரகசியமாகக் காக்கப்படும். எச்.ஐ.வி.யின் தொடக்ககாலத் தடிப்பு பெரும்பாலும் தொற்றிய 2 முதல் 4 வாரங்களில், காய்ச்சல், தொண்டைவலி, நெறிக்கட்டு ஆகியவற்றோடு மார்பிலும் முதுகிலும் தோன்றும் என்றும், பலருக்கு அறிகுறியே இராது என்பதால் இரத்தப் பரிசோதனை ஒன்றே சான்று என்றும் ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையின் முடிவு, உறவு நிகழ்ந்து 90 நாள் கடந்தால் உறுதியானது. எனக்கு அக்காலம் கடந்திருந்தது; தொற்று இல்லை என்று வந்தது.

தோல் மருத்துவர் அது படர்தாமரை என்றார். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிப் பூஞ்சையைப் பரப்பும் என்று எச்சரித்து, பூஞ்சைக்கொல்லி மருந்தைத் தடிப்பு மறைந்த பின்னும் சில நாள் தொடரச் சொன்னார். தோல் தெளிந்தது.

மீண்டும் சோதிக்கவேண்டும் என்ற உந்துதல் சில காலம் நீடித்தது. படங்களைத் தேடுவதை அறவே நிறுத்திய பிறகே அது தணிந்தது. ஆணுறையின்றி உறவு கொண்டு 72 மணி நேரம் ஆகாதவர்கள் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்து உண்டு. ஐயங்களுக்கு 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.