மக்சல்ஃப்: ஊசியை எடுக்கும் முன்

கர்ப்ப கால ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பைத் தடுக்கவும் நிறுத்தவும் போடும் மருந்து மக்னீசியம் சல்ஃபேட் (மக்சல்ஃப்). அரசு ஆஸ்பத்திரிகளில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் 50 சதவீதக் கரைசல், 2 மி.லி. ஆம்பூலில் 1 கிராம். தவறு நடப்பது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். லேபிளை வாய்விட்டுப் படியுங்கள், உடனிருக்கும் நர்ஸ் சரிபார்க்கட்டும்.

ஐ.வி.யிலும் தசையிலும் சேர்த்துப் போடும் பிரிட்சார்டு முறையில் லோடிங் டோஸ் (தொடக்கத்தில் கொடுக்கும் பெரிய அளவு) 14 கிராம். முதலில் ஐ.வி.யில் (ரத்தக்குழாயில்) 4 கிராம்: 4 ஆம்பூலுடன் (8 மி.லி.) 12 மி.லி. நார்மல் சலைன் சேர்த்தால் 20 சதவீதக் கரைசல் 20 மி.லி. இதை 5 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றுங்கள். நீர்க்காத 50 சதவீதத்தை ஐ.வி.யில் போடவே கூடாது. உடம்பெல்லாம் சூடாகும், குமட்டும் என்று தாயிடம் முன்பே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார். அடுத்து இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் (10 மி.லி.), மரத்துப்போக வைக்கும் 2 சதவீத லிக்னோகெயின் 1 மி.லி. சேர்த்து, ஆழமாகத் தசையில். 15 நிமிடம் கழித்தும் வலிப்பு வந்தால் டாக்டரை அழைத்து, 2 கிராம் (4 மி.லி.யுடன் 6 மி.லி. சலைன்) ஐ.வி.யில் 5 நிமிடம்.

பிறகு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், பிட்டத்தை மாற்றி மாற்றி. பிரசவமோ கடைசி வலிப்போ, எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் வரை. ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் மூன்றைப் பாருங்கள்: மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையக்கூடாது, முழங்கால் தட்டினால் உதற வேண்டும், கடந்த 4 மணி நேரத்தில் சிறுநீர் 120 மி.லி.யாவது இருக்க வேண்டும். மருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாகத்தான். யூரோபேக் (சிறுநீர் சேரும் பை) காலியாக இருக்க, நேரமாகிவிட்டதே என்று ஊசி போட்டால் மருந்து ரத்தத்தில் தேங்கும். அப்போது முதலில் போவது உதறல், அதற்குப் பின்தான் மூச்சு. ஸ்பைனல் (முதுகில் போடும் மரப்பு ஊசி) கொடுத்த தாய்க்கு முழங்கால் உதறாது, முழங்கையில் தட்டிப் பாருங்கள்.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஊசியை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சு தளர்ந்தால் ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை), ஆக்சிஜன், கூடவே மாற்று மருந்தான 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. ஐ.வி.யில் மெதுவாக. அந்த ஆம்பூல் சிரிஞ்சோடு கட்டிலருகிலேயே இருக்கட்டும், அலமாரிச் சாவியைத் தேட அப்போது நேரமிருக்காது.

இது பி.பி. மருந்தல்ல, பி.பி.க்குத் தனி மருந்து வேண்டும். பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை தளரலாம், ரத்தப்போக்கைக் கவனியுங்கள். குழந்தை துவண்டு பிறக்கலாம் என்பதால் குழந்தை டாக்டருக்கு முன்பே சொல்லுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 10 கிராம் தசையில் போட்டு 108-இல் அனுப்பினால், அளவையும் நேரத்தையும் ரெஃபரல் சீட்டில் பெரிதாக எழுதுங்கள். எழுதாவிட்டால் அங்கே முழு லோடிங் டோஸையும் மறுபடி போட்டுவிடுவார்கள்.