மொரீசியஸ் அடிமை இழப்பீட்டு வழக்குகள்: எங்கே, எப்படித் தேடுவது

மொரீசியஸில் மூதாதையரைத் தேடிக் கிளம்பும் தமிழர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளின் பதிவோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கும் முன்னால் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள் இருந்தார்கள். அடிமைகளைச் சொத்தாக வைத்திருந்த தமிழர்களும் இருந்தார்கள். இரு தரப்பின் தடமும் ஒரே கட்டில் அகப்படும் இடம், அடிமைமுறை ஒழிந்தபோது எஜமானர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுத்த இழப்பீட்டுப் பணத் தகராறுகள். இதில் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் வழி தவறும். இழப்பீடு கேட்ட ஒவ்வொரு மனுவுக்கும் இட்ட கோரிக்கை எண்ணைப் பிடியுங்கள்.

முதலில் தேதியைச் சரிசெய்துகொள்ளுங்கள். 1833ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டம் கரீபியன் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1 அன்றும், தென்னாப்பிரிக்காவின் கேப்பில் டிசம்பர் 1 அன்றும், மொரீசியஸில் 1835 பிப்ரவரி 1 அன்றும் நடைமுறைக்கு வந்தது. எஜமானர்களுக்கென்று ஒதுக்கிய 2 கோடி பவுண்டில் ஏறக்குறைய 21 லட்சம் இந்தத் தீவுக்கு வந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு அதில் ஒரு பென்னிகூடக் கிடையாது. அவர்கள் 1839 மார்ச் இறுதிவரை 'அப்ரெண்டிஸ்' (தொழில் பழகுநர்) என்ற பெயரில் பழைய எஜமானிடமே வேலை செய்தார்கள்.

எண்ணைக் கண்டுபிடிக்க லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் 'லெகசீஸ் ஆஃப் பிரிட்டிஷ் ஸ்லேவரி' தரவுத்தளம் போதும், இலவசம்தான். மொரீசியஸைத் தேர்ந்துகொண்டு தேடி, எண், தேதி, ஆட்களின் எண்ணிக்கை, தொகை நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலனிக்கும் எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால் எண்ணோடு காலனியின் பெயரையும் எழுதுங்கள். பெயர் அகப்படவில்லையென்றால் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பாருங்கள். கைம்பெண்கள் கணவர் பெயரில் ஓரிடத்திலும் பிறந்தவீட்டுப் பெயரில் இன்னோரிடத்திலும் இருப்பார்கள். தமிழ்ப் பெயர்களைப் பிரெஞ்சுக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

அடுத்து ஒரு சிறு கணக்கு. தீவின் சராசரி, ஆளுக்கு 30 பவுண்டுக்குச் சற்று மேல். உதாரணத்துக்கு 12 பேருக்கு 382 பவுண்டு 10 ஷில்லிங் என்றிருந்தால் ஆளுக்கு 31 பவுண்டு 17 ஷில்லிங் 6 பென்ஸ் விழுகிறது, சந்தேகப்பட ஒன்றுமில்லை. 4 பேருக்கு 61 பவுண்டு 4 ஷில்லிங் மட்டும் என்றால் ஆளுக்கு 15 பவுண்டு 6 ஷில்லிங்தான். அங்கே நின்று பாருங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் உழைக்க முடியாத முதியோருக்கும் குறைந்த மதிப்புத்தான் போட்டார்கள்; அது காரணமாக இருக்கலாம். இல்லையென்றால் தொகை இரண்டாகப் பிரிந்து மறுபாதி வேறொருவருக்குப் போயிருக்கலாம். வழக்கின் வாசனை அடிப்பது இங்கேதான். (20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். தசமத்தில் கூட்டினால் கணக்கு உதைக்கும்.)

பணம் ஏன் பிரிந்தது என்பதற்குத் தீவின் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1810இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்த பின்னும் பிரெஞ்சு சிவில் கோட் நீடித்தது. கணவன் மனைவி கூட்டுச் சொத்தில் கைம்பெண்ணுக்குப் பாதி, மைனர் வாரிசுகளின் பங்கு, அடமானம் பிடித்தவரின் முன்னுரிமை என்று ஒவ்வொன்றும் எதிர்க்கோரிக்கையாக வந்தது. கடனில் மூழ்கிய சிறு எஜமானர்கள் பணம் வருமுன்பே கோரிக்கையை வியாபாரிகளிடம் விற்றுவிட்டதும் உண்டு. அதனால் பணம் வாங்கியவரையே எஜமானர் என்று எழுதிவிடாதீர்கள். அவர் கடன் கொடுத்தவராகவோ காரியதரிசியாகவோ இருக்கலாம்.

இந்த எதிர்க்கோரிக்கைகளில் பெரும்பாலானவை லண்டனிலிருந்த இழப்பீட்டு ஆணையர்களோடு முடிந்தன. அவர்கள் தீர்ப்பை ஒப்புக்கொள்ளாதவர் அரசர் மன்றத்துக்கு, அதாவது காலனிகளின் மேல்முறையீடுகளைக் கேட்ட பிரிவி கவுன்சிலுக்குப் போகலாம். ஆணையத்தின் தாள்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் டி 71 (T 71) வரிசையிலும், பிரிவி கவுன்சிலின் பதிவேடுகள் பி.சி. 2 (PC 2) வரிசையிலும் இருக்கின்றன. 'லிட்டிகேட்டட்' (வழக்குக்குள்ளானது) என்ற குறிப்பைப் பார்த்ததும் பிரிவி கவுன்சிலுக்கு ஓடுவதுதான் வழக்கமான தவறு. முதலில் டி 71இல் எதிர்க்கோரிக்கையைப் படியுங்கள். மேல்முறையீடு நடந்ததற்கான அறிகுறி இருந்தால் மட்டும் அடுத்த வரிசைக்குப் போங்கள். பிரிவி கவுன்சிலின் அச்சான தீர்ப்புகள் 1836 வரை நாப் என்பவரின் தொகுப்பிலும், அதன் பின் மூர் என்பவரின் தொகுப்பிலும் இருக்கின்றன. காமன்லி (CommonLII) என்ற சட்டத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அச்சில் இல்லாததால் வழக்கே இல்லை என்று ஆகாது. சமரசத்தில் முடிந்தவையும் தொடராமல் விட்டவையும் அச்சேறியதில்லை.

அடிமைச் சொத்தோடு நீதிமன்றமும் பிணைந்திருந்ததால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காலனி நீதிபதிகளை நீக்கிய விவகாரமும் அதே பிரிவி கவுன்சில் தாள்களில்தான் வருகிறது, ஆனால் தேடும் வழி வேறு. இங்கிலாந்தின் நீதிபதிக்கு இருந்த பாதுகாப்பு காலனி நீதிபதிக்குக் கிடையாது. 1782ஆம் ஆண்டின் பர்க் சட்டப்படி, வேலையைப் புறக்கணித்தாலோ முறைகேடாக நடந்தாலோ கவர்னரும் அவருடைய கவுன்சிலும் நீக்கலாம். நீக்கப்பட்டவர் பிரிவி கவுன்சிலுக்கு முறையிடலாம். எந்த அதிகாரத்தில் நீக்கினார்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அது தெரியாமல் தீர்ப்பைப் படித்தால் ஒன்றும் விளங்காது. பழகிக்கொள்ள ஆஸ்திரேலியாவின் இரண்டு வழக்குகள் நல்லவை. நியூ சவுத் வேல்ஸ் நீதிபதி வில்லிஸை கவர்னர் கிப்ஸ் 1843இல் நீக்கினார். அதிகாரம் உண்டு, ஆனால் அவர் தரப்பைக் கேட்காமல் நீக்கியது தவறு என்று 1846இல் உத்தரவு ரத்தானது (மூர் 5ஆம் தொகுதி, பக்கம் 379). வான் டீமன் நிலத்து (இன்றைய டாஸ்மேனியா) நீதிபதி மான்டேகுவின் நீக்கமோ 1849இல் நிலைத்தது. தனக்குக் கடன் கொடுத்தவர் தொடுத்த வழக்கையே அவர் தடுத்திருந்தார்.

மொரீசியஸுக்கு, கவர்னர் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் உள்ள சி.ஓ. 167 (CO 167) வரிசையைத் திறக்க வேண்டும். 1832, 1833 கட்டுகளிலிருந்து தொடங்குங்கள். அரசு வழக்கறிஞராக வந்த ஜான் ஜெரமியைத் தோட்ட முதலாளிகள் எதிர்த்த எதிர்ப்பில் கவர்னர் கோல்வில் அவரைத் திருப்பி அனுப்பினார். மறு ஆண்டு அவர் திரும்பி வந்து நீதிபதிகள்மீதே குற்றம் சாட்டினார். நீதிமன்றமும் அடிமைச் சொத்தும் எவ்வளவு பிணைந்திருந்தன என்பதற்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை. இன்றைக்கும் அரசியலமைப்பின் 78ஆம் பிரிவுப்படி, மொரீசியஸ் உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்க பிரிவி கவுன்சில் நீதிக்குழுவின் கருத்து வேண்டும்.

கடைசியாக, அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்களை வழக்குத் தாள்களில் எதிர்பார்க்காதீர்கள். அங்கே பெரும்பாலும் தலைக்கணக்குத்தான். எஜமானரின் பெயரை வைத்து டி 71இலேயே உள்ள, 1817 முதல் 1835 வரையிலான அடிமைப் பதிவேடுகளுக்குத் திரும்புங்கள். பெயர், வயது, பிறந்த நாடு எல்லாம் அங்கே கிடைக்கும். 'மலபார்' என்றிருந்தால் கேரளம் என்று முடிவுகட்ட வேண்டாம். தென்னிந்தியர் எல்லோரையும் அப்படித்தான் எழுதினார்கள். விற்பனை, அடமானப் பத்திரங்கள் மொரீசியஸ் தீவிலேயே கோரமண்டல் என்ற ஊரிலுள்ள மொரீசியஸ் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே போகுமுன் நோட்டரியின் பெயரும் பத்திரத்தின் தேதியும் கையில் இருக்கட்டும். அவை டி 71 எதிர்க்கோரிக்கையிலேயே பெரும்பாலும் குறிப்பிடப்பட்டிருக்கும்.