பைக் முன்சக்கர பேரிங் மாற்றுவது எப்படி?

வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்க முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் சத்தம் வருகிறதா? கிளட்சைப் பிடித்து உருளவிட்டாலும் அது நிற்கவில்லை என்றால் இன்ஜினை விட்டுவிடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது வீல் பேரிங், அதாவது உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே குண்டுகள் ஓட, சக்கரத்தைச் சுழலவிடும் பாகம்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். வண்டி அசையாமல் நிற்க வேண்டும். ஒரு கையால் ஃபோர்க்கை (சக்கரத்தை இருபுறமும் தாங்கும் கால்களை) பிடித்துக்கொண்டு மறு கையால் டயரைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஃபோர்க் அசையாமல் சக்கரம் மட்டும் ‘டக் டக்’ என்று ஆடினால் பேரிங் போய்விட்டது. ஃபோர்க்கும் சேர்ந்து ஆடினால் ஹேண்டில் கழுத்தில் இருக்கும் கோன்செட்டை, அதாவது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் செட்டைப் பாருங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல பேரிங்கைக் கழற்றுபவர்கள் உண்டு.

புது பேரிங் வாங்கும்போது பழையதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 6301, 6201 இரண்டுக்கும் உள்துளை 12 மி.மீ.தான், ஆனால் வெளிவிட்டம் முதலாவதற்கு 37 மி.மீ., இரண்டாவதற்கு 32 மி.மீ. ஆக்சில் (சக்கரத்தின் நடுத்தண்டு) நுழைகிறதே என்று வாங்கினால் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்கூட்டில் உட்காராது. சில வண்டிகளில் இடது, வலது பேரிங்குகளே வேறு வேறு எண்ணாக இருக்கும். எண்ணுக்குப் பின்னால் ‘2ஆர்எஸ்’ என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி, ‘இசட்இசட்’ என்றால் தகர மூடி. சேறும் தண்ணீரும் படுகிற இடம் என்பதால் என் ஓட்டு ரப்பருக்கே. ஒன்றுதான் கெட்டிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலும் புதிதாகவே இருக்கட்டும்.

இனி கழற்றலாம். ஸ்பீடோமீட்டர் கேபிள் இருந்தால் எடுத்துவிட்டு, ஆக்சில் நட்டைக் கழற்றி, ஆக்சிலை உருவினால் சக்கரம் கையோடு வரும். எந்தப் பக்கத்தில் எந்த புஷ் (ஆக்சில் மேல் வரும் சிறு குழாய்) இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரைத் தொடவே கூடாது; பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

சக்கரத்தை இரண்டு மரக்கட்டைகள் மேல் படுக்க வையுங்கள், டிஸ்க் தரையில் படாமல். சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள். அதற்குக் கீழே சர்க்ளிப் (பேரிங்கை நகராமல் பிடிக்கும் கம்பி வளையம்) இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு குழாய் இருக்கும், அதுதான் ஸ்பேசர். மேலிருந்து நீளமான இரும்புத் தண்டை விட்டு ஸ்பேசரைச் சற்று ஓரமாகத் தள்ளினால், கீழ் பேரிங்கின் உள்வளையத்தில் ஒரு விளிம்பு தெரியும். அங்கே தண்டை வைத்துத் தட்டுங்கள். ஒரே இடத்தில் அடித்தால் பேரிங் சாய்ந்து இறுகிக்கொள்ளும். எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். அசைய மறுத்தால் ஹப்பை ஹீட் கன்னால் சூடாக்குங்கள், அலுமினியம் விரிந்து பிடி தளரும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள், பேரிங் எஃகு சில்லாகத் தெறிக்கும். இப்படி உள்வளையத்தில் அடி வாங்கி வெளியே வந்த பேரிங்கை மறுபடி போடவே கூடாது.

மாட்டும்போதுதான் கவனம் வேண்டும். இப்போது அடி விழ வேண்டியது வெளிவளையத்தில் மட்டும். உள்வளையத்தில் அடித்தால் அந்த வேகம் முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் புது பேரிங் சீக்கிரமே பழைய பாட்டைப் பாட ஆரம்பிக்கும். வெளிவளையத்தின் அளவுக்குச் சரியான சாக்கெட்டை வைத்துத் தட்டுங்கள். பேரிங்கை முன்கூட்டியே ஃபிரீசரில் வைத்திருந்தால் சுலபமாக இறங்கும். அடிவரை உட்கார்ந்ததும் மந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ‘டிங்’ என்று கெட்டியாக மாறும். அதோடு நிறுத்திவிடுங்கள்.

சக்கரத்தைத் திருப்பி, முதலில் ஸ்பேசரை உள்ளே போடுங்கள். இதை மறந்தால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். பிறகு இரண்டாவது பேரிங். இது ஸ்பேசரைத் தொட்டால் போதும், அதற்கு மேல் அடித்தால் உள்வளையங்கள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு பேரிங் சூடாகும். விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் வழுவழுவென்று சுற்ற வேண்டும். எந்தப் பக்கம் முதலில் போட வேண்டும் என்று உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொன்னால் அந்த வரிசையே சரி.

புது சீலைத் தட்டி உட்காரவைத்து, அதன் உதட்டில் (உள் விளிம்பில்) கிரீஸ் தடவுங்கள். ஆக்சிலைத் துடைத்து மெல்லியதாகக் கிரீஸ் பூசி, சக்கரத்தை மாட்டி, மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு நட்டை முறுக்குங்கள். நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் இருந்தால் புதியதைப் போடுங்கள். கிளம்பும் முன் பிரேக் லீவர் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்துங்கள்.

ஆட்டம் போய், முனகல் மட்டும் மிச்சமிருக்கிறதா? டயர் மேல் உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பம் போல உரசினால் அடுத்து மாற்ற வேண்டியது டயர்.