மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழு: பேசாமல் இருப்பவர்களையும் பேச வைப்பது எப்படி?

வாட்ஸ்அப் குழு தொடங்க இரண்டு நிமிடம் போதும். சில மாதம் கழித்துப் பார்த்தால் முந்நூறு பேர் சேர்ந்திருப்பார்கள், பேசுவது மட்டும் அதே ஆறேழு பேராக இருக்கும். மற்றவர்களுக்கு ஆர்வமே இல்லை என்று அட்மின்கள் சலித்துக்கொள்வார்கள். ஆர்வம் இல்லாதவர் எப்போதோ வெளியேறியிருப்பார். உள்ளேயே இருந்துகொண்டு வாய் திறக்காமல் இருப்பவரைத் தடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணம்தான்: "நாம கேட்டா சிரிப்பாங்களோ?"

அந்தக் கூச்சத்தைக் குறைக்க அட்மின் செய்யக்கூடியதை வரிசையாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு மாடித்தோட்டக் குழு. எனக்குப் பழக்கமானது அதுதான். அபார்ட்மென்ட் குழுவோ பழைய மாணவர் குழுவோ நடத்துபவர்கள், செடி என்று வருகிற இடத்தில் உங்கள் விஷயத்தைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கை முதலில் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்து வந்த ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதியது இது: இணையச் சமூகங்களில் 100 பேர் இருந்தால் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், மிச்சமிருக்கும் ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதித் தள்ளுவார். தோராயக் கணக்குதான், ஆனால் குழு நடத்தியவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆகவே எல்லாரையும் தினமும் பேச வைக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொள்ளாதீர்கள். ஒருவருக்குக் கேள்வி வருகிற அன்று அவர் தயங்காமல் கேட்க முடிய வேண்டும், அது நடந்தால் போதும்.

படி 1: செட்டிங்ஸைச் சரிசெய்யுங்கள்

பல குழுக்களில் "அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம்" என்று பூட்டி வைத்திருப்பார்கள். ஏதோ ஒரு சண்டை நடந்த ராத்திரி பூட்டியது, அப்புறம் திறக்கவே மறந்திருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள்.

அறிவிப்புக்கும் அரட்டைக்கும் தனித்தனி இடம் வேண்டுமென்றால், 2022-இல் வந்த கம்யூனிட்டி வசதி இருக்கிறது. அறிவிப்புக் குழு ஒன்று, அதன் கீழ் பேசுவதற்கான குழுக்கள். அரட்டைக் குழுவை சத்தமில்லாமல் மியூட்டில் போட்டுக்கொண்டவருக்கும் விதை வந்த செய்தி தவறாது.

ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காக நிரப்பிவிடாதீர்கள். ஆயிரம் பேர் முன்னால் "என் கறிவேப்பிலை ஏன் வளரல?" என்று கேட்க நல்ல தைரியம் வேண்டும். என்னைக் கேட்டால் 150, 200 பேருக்கு மேல் போகும்போது ஊர் வாரியாகவோ ஏரியா வாரியாகவோ பிரித்துவிடலாம். ஒரே ஏரியாக்காரர்கள் என்றால் நாற்று கைமாற்றுவதும் சுலபம்.

புதிதாக வருபவருக்குப் பழைய பேச்சு தானாகத் தெரியாது. நேற்று அரை மணி நேரம் விளக்கிய மண்கலவையை இன்று சேர்ந்தவர் மறுபடி கேட்கத்தான் செய்வார். அவர் மேல் எரிச்சல் படுவதில் அர்த்தமில்லை. அடிக்கடி வரும் கேள்விக்கான பதிலை மேலே பின் செய்து வையுங்கள், மூன்று செய்திகள் வரை பின் செய்யலாம். ஒரு பின் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். மாதப் பிறப்பன்று புதுப்பிக்க வேண்டும் என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: முதல் கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள்

"புதிய உறுப்பினர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளவும்" என்று போடுவது வழக்கம். பாதிப் பேர் அதைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிடுவார்கள். பெயர், படிப்பு, வேலை, தோட்ட அனுபவம் எல்லாம் எழுதச் சொன்னால் இன்டர்வியூ மாதிரி இருக்கிறது. அனுபவமே இல்லை என்றுதானே குழுவுக்கே வந்திருக்கிறார்.

அதற்குப் பதில் இப்படிப் போட்டுப் பாருங்கள்:

"வாங்க வாங்க! இந்த வாரம் சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம். உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் ஒரு செடியை போட்டோ எடுத்துப் போடுங்கள். வாடிப்போன செடியானாலும் பரவாயில்லை. இன்னும் செடியே வைக்கவில்லையா? மாடியிலோ பால்கனியிலோ வெயில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்று மட்டும் சொல்லுங்கள்."

இதற்குப் பதில் சொல்ல எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தால் போதும். வாடிப்போன செடி என்று நீங்களே சொல்லிவிட்டதால் அவருக்கு வெட்கமும் இல்லை. வெயில் கணக்கைச் சொன்னதும் "மூணு மணி நேரம் வருதா, கீரை போடுங்க, புதினா வைங்க" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள், அவரும் பேச்சுக்குள் வந்துவிடுவார்.

வரவேற்பை வாரத்துக்கு ஒருநாள் மொத்தமாக வையுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக என்றால் இருபது "வெல்கம்" ஸ்டிக்கர் வரிசையாக வந்து நிற்கும், முக்கியமான செய்தி மேலே போய்விடும்.

படி 3: கேள்வி கேட்கக் கற்றுக்கொடுங்கள்

இதுதான் முக்கியமான படி, பலர் செய்யாமல் விடுவதும் இதுதான். ஒரு குழுவில் சாதாரணமாக நடப்பதைப் பாருங்கள்:

"மிளகாய் இலை சுருண்டிருக்கு, என்ன பண்றது?"

உடனே நாலு பதில் வரும். ஒருவர் வேப்ப எண்ணெய் என்பார், ஒருவர் புளித்த மோர் என்பார், இன்னொருவர் பஞ்சகவ்யா, நாலாமவர் "பிடுங்கிப் போட்டுட்டு வேற வைங்க" என்பார். கேட்டவர் குழம்பிப் போய், இனி கேட்கவே கூடாது என்று முடிவு செய்துவிடுவார்.

பதில் சொன்னவர்கள் மேல் தப்பில்லை, கேள்வியில் விவரம் போதவில்லை. மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் என்றால் மருந்தடித்துப் பலனில்லை, செடியை எடுத்துவிட வேண்டியதுதான். இதையெல்லாம் தெரிந்துகொண்டா ஒருவர் கேள்வி கேட்பார்? அதனால் கேட்பவருக்கு ஒரு அச்சு கொடுத்துவிடுங்கள். பின் செய்து வைக்க வேண்டிய முதல் செய்தி இதுதான்:

"செடியில் பிரச்சினையா? மூன்று போட்டோ போடுங்கள். முழுச் செடி ஒன்று, இலையின் மேல்பக்கம் ஒன்று, இலையைத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கம் ஒன்று. கூடவே: வைத்து எத்தனை நாள்? தொட்டியா, குரோ பேக்கா (செடி வளர்க்கும் பை)? கடைசியாக என்ன தெளித்தீர்கள், என்ன உரம் போட்டீர்கள்?"

அந்த அடிப்பக்கப் போட்டோ வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, பூச்சிகள் உட்கார்ந்திருப்பது அங்கேதான். அச்சு இருப்பதால் கேட்பவருக்கும் தெம்பு: என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டியதில்லை, நிரப்பினால் போதும்.

யாராவது அச்சைப் பார்க்காமல் கேட்டுவிட்டால் "பின் மெசேஜ் படிச்சீங்களா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "அக்கா, இலையைத் திருப்பி ஒரு போட்டோ போடுங்களேன், பார்த்துச் சொல்றோம்" என்றால் போதும். அடுத்த முறை அவரே மூன்று போட்டோவோடு வருவார்.

படி 4: எந்தக் கேள்வியும் அநாதையாகக் கிடக்கக் கூடாது

முதல் தடவை கேட்ட கேள்விக்குப் பதிலே வரவில்லை என்றால் அந்த மனிதர் மறுபடி கேட்பது சந்தேகம். கேலி செய்தால்கூட இவ்வளவு வலிக்காது என்று எனக்குத் தோன்றும். இரண்டு மூன்று பேரிடம் பொறுப்பு கொடுங்கள். ஒருநாள் முழுக்கப் பதில் வராத கேள்வியை ரிப்ளை போட்டு மேலே தூக்கிவிட வேண்டும். பதில் தெரியாவிட்டாலும் "எனக்கும் இது புதுசா இருக்கு, யாருக்காவது தெரியுமா?" என்று எழுதினால் போதும்.

ஒரு சின்னத் தந்திரமும் உண்டு. குழுவில் எல்லாம் தெரிந்த ஒரு சார் இருப்பார், கேள்வி விழுந்த நிமிடமே பதில் போடுவார். பதில் சரியாகவும் இருக்கும். ஆனால் போன வருடம்தான் இதே மாவுப்பூச்சியோடு மல்லாடி ஜெயித்த ஒருவருக்கு, சொல்ல இடமே இல்லாமல் போகும். அந்த சாரிடம் தனியாகப் பேசி, "சார், கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்களேன், மத்தவங்க சொல்லட்டும், தப்பா சொன்னா நீங்க வந்து திருத்துங்க" என்று கேளுங்கள். முதலில் முகம் சுருங்கினாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். "லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிச்சேன், எனக்குச் சரியாயிடுச்சு" என்று போன வருடத்துப் புதியவர் எழுதுவதைப் பார்க்கும்போது, இந்த வருடத்துப் புதியவருக்கும் நம்பிக்கை வரும்.

"இதுகூடத் தெரியாதா?" என்று யாராவது போட்டால் அட்மினாக அதை நீக்கிவிடலாம், எல்லாருக்கும் அழியும்படி நீக்கும் வசதி இருக்கிறது. போட்டவரிடம் தனியாகச் சொல்லுங்கள், குழுவில் வைத்துக் கண்டிக்க வேண்டாம்.

படி 5: எழுத வராதவர்களுக்கு வழி விடுங்கள்

செடியைப் பற்றி நிறையத் தெரிந்த பலருக்குத் தமிழ் டைப்பிங் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினால் திட்டுகிற குழுக்கள் இருக்கின்றன. தமிழ்ப்பற்று நல்லதுதான், ஆனால் "sedi" என்று எழுதியவரைத் திருத்திக்கொண்டிருந்தால் செடியைப் பற்றி எப்போது பேசுவது? விருப்பமுள்ளவருக்கு கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கைத் தட்டிப் பேசினால் எழுத்தாகிவிடும் என்று காட்டிக்கொடுங்கள். அதற்கு ஒரு நிமிட ஸ்கிரீன் ரெக்கார்டிங் போதும்.

வாய்ஸ் நோட்டையும் அனுமதியுங்கள், ஒரு நிமிடத்துக்குள். ஐந்து நிமிட வாய்ஸ் நோட்டை யாரும் கேட்பதில்லை. நல்ல விஷயம் இருக்கும் வாய்ஸ் நோட்டுக்குக் கீழே யாராவது இரண்டு வரியில் சாரத்தை எழுதிவிடச் சொல்லுங்கள். ஆபீசில் இருப்பவருக்கும் காது கேட்காதவருக்கும் உதவும், பின்னால் தேடினாலும் கிடைக்கும்.

படி 6: பேச்சைத் தவிர வேலையும் கொடுங்கள்

பங்கேற்பது என்றால் எழுதுவது மட்டும்தானா? விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பதில் சொல்லும்படி வாக்கெடுப்பு (போல்) வையுங்கள், 12 விருப்பம் வரை கொடுக்கலாம். ஆடி பிறப்பதற்கு மூன்று வாரம் முன்னால் "ஆடிப்பட்டத்துக்கு எந்த விதை வேண்டும்? வெண்டை, கொத்தவரை, அவரை, புடலை, பீர்க்கு" என்று போட்டால், ஒரு வரிகூட எழுதாதவர்கள் வரிசையாக வந்து தட்டுவார்கள். யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்பது பொதுவாக எல்லாருக்கும் தெரியும் என்பதால் வம்புக்கு இழுக்கும் கேள்விகளுக்கு வாக்கெடுப்பு வேண்டாம்.

அப்புறம் விதையைப் பிரித்துப் பொட்டலம் போட ஆள் வேண்டும், மேலே பெயரும் அறுவடை செய்த மாதமும் எழுத வேண்டும், கூரியரில் போட வேண்டும். இதற்கு எப்போதும் பேசுகிற அந்த ஆறேழு பேரையே கூப்பிடாதீர்கள். தம்ஸ்அப் மட்டும் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தனியாக மெசேஜ் அனுப்பி, "ஒரு சின்ன உதவி, இருபது பொட்டலம் போட்டுத் தர முடியுமா?" என்று கேளுங்கள். பொதுவில் "யார் உதவுவீர்கள்?" என்று கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள், பெயர் சொல்லிக் கேட்டால் மறுப்பவர் குறைவு. பொட்டலம் போட்டவர் அடுத்த வாரமே "நான் அனுப்பின கொத்தவரை முளைச்சுதா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்.

படி 7: விதிகள் நாலு போதும்

ஃபார்வர்டு வேண்டாம், அரசியல் வேண்டாம், விற்பனைக்கு ஞாயிறு மட்டும். நாலாவது விதியைக் கண்டிப்பாக வையுங்கள்: அனுமதி கேட்காமல் யாருடைய இன்பாக்ஸுக்கும் போகக் கூடாது. சாதாரணக் குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிகிறது. ஒரு பெண் ரோஜாப் போட்டோ போட்ட அடுத்த நிமிடம் தெரியாத எண்ணிலிருந்து "ஹாய் மேடம், சூப்பர்" என்று வந்தால், அதற்கப்புறம் அவர் போட்டோ போடுவாரா? பெண்கள் பேசாத குழுக்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். புகார் வந்தால் யார் பக்கம் நியாயம் என்று பட்டிமன்றம் நடத்தாமல் அந்த ஆளை நீக்குங்கள். தன் எண் தெரிய வேண்டாம் என்பவரைக் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் மட்டும் வைத்துக்கொள்ளலாம், அங்கே அட்மின்களைத் தவிர மற்றவர்களுக்கு எண் தெரியாது.

குட் மார்னிங் படம் போடுபவர்களிடம் மட்டும் கொஞ்சம் பொறுமை காட்டுங்கள். அவருக்கு ஏதாவது போட வேண்டும், என்ன போடுவது என்று தெரியவில்லை. "அண்ணா, நாளைக்கு உங்க மாடியில பூத்த பூவை எடுத்து குட் மார்னிங் போடுங்க" என்று சொல்லுங்கள்.

படி 8: மாதம் ஒருமுறை பாருங்கள்

மாதக் கடைசியில் இதுவரை பேசாத எத்தனை பேர் இந்த மாதம் பேசினார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். மொத்தச் செய்திகளை எண்ணுவதால் பயனில்லை, இரண்டு பேர் சண்டை போட்டாலே அது ஏறிவிடும். புதிய குரல் ஒன்றுகூட இல்லை என்றால் படி 2-க்கும் 4-க்கும் திரும்பிப் போங்கள், கோளாறு அங்கேதான் இருக்கும்.

"பேசாதவர்கள் நீக்கப்படுவார்கள்" என்று மிரட்டும் வேலை வேண்டாம். படித்துவிட்டு அமைதியாக வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருப்பவரும் உறுப்பினர்தான். வெளியேறியவரை "ஏன் போனார்?" என்று குழுவில் அலசவும் வேண்டாம். தெரிந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு நாள் கழித்து அவரிடமே தனியாக ஒரு வரி கேளுங்கள். பெரும்பாலும் "மெசேஜ் ரொம்ப வருதுங்க, போன் நிறைஞ்சிடுது" என்பார். அப்படிச் சொன்னால் அறிவிப்புக் குழுவின் லிங்க்கை அனுப்பி வையுங்கள்.